புழு ஷெட்டில் பூசிய ஜெப எண்ணெய்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் கிரேஸ். ராமகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பட்டுப்புழு வளர்க்கிறோம். தேவன் எனக்கு ஜெயம் கொடுத்த விதத்தைச் சொல்லப் போகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஷெட்டுக் கதவைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் போட்ட மல்பெரி இலை அப்படியே கிடக்கிறது. ஒரு புழுகூட வாய் வைக்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. நான்கு முறை தோல் உரித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்த புழுக்கள் அவை. அந்தப் பருவத்தில் புழு விடாமல் தின்ன வேண்டும். தின்றால்தான் ஒரு வாரத்தில் கூடு கட்டும். இல்லாவிட்டால் குழி வெட்டிப் புதைக்க வேண்டியதுதான்.

வழக்கமாகப் புழுவைப் பார்த்துக்கொள்வது என் கணவர்தான். உர மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதால் மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவரின் அண்ணன் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து, "ஷெட்ட மூடிட்டு வந்துடு, வாட்ச்மேன் வேல இருக்குது" என்பார். கடைசியில் இவரும், "இந்த வாட்டி புழு நின்னா இங்கயே இருப்போம். போச்சுன்னா போயிடலாம் கிரேஸ்" என்று சொல்லிவிட்டார். பிறந்த மண்ணை விட்டுப் போய் யாரோ ஒருவர் வீட்டு கேட்டைத் திறந்து மூடுவதா? என்னால் முடியாது. அதனால், "நான் ஒருத்தியே பாத்துக்கறேன், கர்த்தர் என்கூட இருக்கறாரு" என்று மார்தட்டியிருந்தேன். சபையிலும் ஜெயமுள்ள வாழ்க்கை என்று நீட்டி முழக்கிச் சாட்சி சொல்லியிருந்தேன்.

இப்போது ஷெட்டு நடுவில் நின்று அழுதேன். "ஆண்டவரே, நேத்து சாயங்காலம்தானே இந்த ஷெட்ட உமக்குன்னு ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்தேன்? எப்படிப்பா இது?"

அழுகை நின்றதும் கோபம் வந்தது. எனக்கு அது சீக்கிரம் வரும். பக்கத்துத் தோட்டம் சரோஜா அக்காவுடையது. அவரும் இருபது வருஷமாகப் புழு வளர்ப்பவர். அவர் வீட்டு ஆடு எங்கள் மல்பெரியை மேய்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவர் தக்காளிக்கு மருந்து அடித்து, அது காற்றில் வந்து எங்கள் இலையில் படிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். வரப்பில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அந்த நுணல் நான்தான்.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "என் சத்துருவுக்கு நீரே பதில் கொடும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. நாக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் அந்த அக்காவின் முகம்தான் வருகிறது. அவளிடம் போய்க் கேள் என்று ஒரே நினைவு. எழுந்து நடந்தேன், திரும்பவும் முழங்கால் போட்டேன், திரும்பவும் அதே நினைவு. "வேற யாரும் கெடைக்கலியா ஆண்டவரே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த என் கணவர், "அவரு சொல்றாருன்னு உனக்கே தெரியுது. அப்புறம் இன்னாத்துக்கு இங்கயே உக்காந்துக்கினு கீற?" என்றார்.

போனேன். வரப்பைத் தாண்டினேன். "அக்கா, நான் கத்துனது தப்பு. மன்னிச்சுடு. புழு துன்னாம கெடக்குது. ஒரு தபா வந்து பாக்கறியா?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் தக்காளி போட்டே ஒரு வருசம் ஆவுது மே. மருந்து எங்கிருந்து வரும்? சரி, நட" என்றார்.

ஷெட்டு வாசலில் கிருமிக்காக வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைத்து ஓர் அடி உள்ளே வைத்தவர், அப்படியே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா மே இது, கல்யாண வீடு மாதிரி வாசன அடிக்குது?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சித்தூரில் நடந்த ஜெபக் கூட்டத்திலிருந்து ஜெப எண்ணெய் வாங்கி வந்திருந்தேன், நல்ல ரோஜா வாசனை. வீட்டு வாசல் நிலைக்கு மட்டும் பூசும்படிதான் பாஸ்டர் சொன்னார். நானோ விசுவாசம் மிஞ்சிப்போய், திங்கட்கிழமை சாயங்காலம் ஷெட்டுத் தூண், தட்டு, ஜன்னல் என்று ஒன்று விடாமல் பூசி, அதே கையால் இலையும் போட்டிருந்தேன். வாசனை பட்டால் புழு இலையைத் தொடாது, அதனால் ஷெட்டுக்குள் பவுடர் போட்டுக்கொண்டு போகக் கூடாது, மல்லிப்பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாமி காரியம் என்றதும் எனக்கு மட்டும் அது மறந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் சரோஜா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாமிக்கு வாசன புடிக்கும். புழுவுக்குமா புடிக்கும்?" என்றார். பிறகு மளமளவென்று வேலையில் இறங்கினார். ஜன்னலையெல்லாம் திறக்கச் சொன்னார். பழைய இலையை வாரி வெளியே கொட்டினோம். அக்கா புழுக்களைப் பழைய செய்தித்தாளுக்கு மாற்றிவிட, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தூணையும் தட்டையும் நான் தேய்த்துக் கழுவினேன். "நீ இலையத் தொடாத. உன் கையி இன்னும் மணக்குது" என்று சொல்லி, தன் தோட்டத்திலிருந்தே இலை வெட்டிவந்து தன் கையாலேயே போட்டார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "மே, இங்க வந்து காது குடு."

காது கொடுத்தேன். ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். புழுக்கள் தின்றுகொண்டிருந்தன! அல்லேலூயா! நான் போட்ட கூச்சலில் என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். டாக்டருக்குத் தெரியாது.

கொஞ்சம் புழு செத்தது உண்மை. மீதியெல்லாம் கட்டியாக வெள்ளைக் கூடு கட்டியது. பெங்களூர்ப் பேச்சு அதோடு நின்றது.

அன்பானவர்களே, புழுவுக்காக நான் ஜெபித்தேன். கர்த்தர் புழுவையும் கொடுத்தார், நான் கேட்காத ஒரு அக்காவையும் கொடுத்தார். இரண்டு வருஷமாக நான் தோற்றுக்கொண்டிருந்தது என் நாக்கிடம். அந்த வரப்பைத் தாண்டினேனே, அதுதான் என் ஜெயம். நீங்களும் யாரோடாவது பேசாமல் இருந்தால், ஜெபத்தில் அவர்கள் முகம் வந்தால், தயவுசெய்து எழுந்து போங்கள். அனுப்புகிறவர் நல்லவர், அவரை நம்பிப் போங்கள்.

போன மாதம் சரோஜா அக்கா புதுப் புழு வாங்கினார். அன்று காலையிலேயே என்னைத் தேடி வந்து, "உன் சாமிகிட்ட எனக்கும் ஒரு ஜெபம் பண்ணு மே" என்றார். ஓடினேன். அவர் ஷெட்டு வாசலில் காலை நனைத்து உள்ளே நுழையப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார். என் இரண்டு உள்ளங்கையையும் மூக்கருகே பிடித்து நன்றாக மோந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே விட்டார்.