பெட்டியைத் தொடாதீங்கக்கா

திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது கிளாராவின் நாற்காலி. சுத்துப்பட்டு ஊர்களுக்கு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர் பெட்டி வைத்து இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரைக்கும் அந்த லேண்ட்லைன் போனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதேதான். அம்மா செத்த மூணாம் நாளே முதலாளி கூப்பிட்டுவிட்டார். "போன் அடிச்சுக்கிட்டே கெடக்கும்மா." வந்து எடுத்தாள். வேறு என்ன செய்வாள் பாவம்!

முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. கல்யாணத்துக்கெல்லாம் அழைப்பார்கள், "வாரேங்க்கா" என்பாள், போனதே இல்லை. சாணார்பட்டி பொன்னழகு மட்டும் தினமும் கூப்பிட்டு, சாப்ட்டியா தாயி என்று கேட்பாள். மல்லிகைத் தோட்டம், தனிக்கட்டை. ஒரே மகன் அஜித்துக்குக் கப்பலில் வேலை. சிக்னல் கிடைக்கிற அன்றைக்கு அம்மாவைப் பார்க்கலாமே என்று நடுவீட்டில் கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

இந்த ஜனங்களைக் கிளாரா பழக்கி வைத்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு சமயம் எவனோ கம்பெனி ஆள் என்று சொல்லி நாலு வீட்டில் கைவரிசை காட்டிவிட்டான். அன்றிலிருந்து எல்லாருக்கும் இதே பாட்டுத்தான்: "போன்ல யாரு சொன்னாலும் பெட்டியைத் தொடாதீங்கக்கா. என் குரல்ல பேசினாலும் நம்பாதீங்க, குரலைக்கூட மாத்திப் பேசுறானுவ. வீட்டுக்கு ஆள் வந்தா ஆபீசுக்கு அடிங்க. நான் சொன்னாத்தான் கதவு." அதோடு விட்டாளா? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவளே போன் போட்டு, "பெட்டியை அமத்துங்க" என்று சோதிப்பாள். யாராவது நம்பி அணைத்துவிட்டால் பிடி பிடி என்று பிடித்துவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது வினை. அந்த ரவுட்டர் பெட்டியில் ஒரு ஓட்டையாம். எங்கிருந்தோ ஒருத்தன் நாலு எழுத்தைத் தட்டி அனுப்பினால், பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் பெட்டி அவன் சொன்னதையெல்லாம் செய்யுமாம். வீட்டுக்குள் வேறு என்னென்ன அதில் மாட்டியிருக்கிறதோ அதுவும் அவன் கைக்குப் போய்விடும். பெரும்பாலான பெட்டிகளுக்கு ஆபீசிலிருந்தே புது சாஃப்ட்வேர் ஏற்றியாகிவிட்டது. ஒன்பது பழைய பெட்டிகளுக்கு மட்டும் ஆள் போக வேண்டும். லைன்மேன் கிளெமென்ட்டோ அறுந்த ஒயரோடு சிறுமலையில் கிடந்தான்.

"அதுவரைக்கும் ஒம்பது லைனையும் நிறுத்திருவோம் சார்" என்றாள் கிளாரா.

"நிறுத்துனா அடுத்த கம்பெனிக்கு ஓடிருவாங்க. மூச்சுக் காட்டாத" என்றார் முதலாளி. லைனை நிறுத்துகிற பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் பார்த்தால், அந்த ஒன்பதில் ஒன்றான பொன்னழகு வீட்டிலிருந்து டேட்டா நிற்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அஜித் நடுக்கடலில் இருக்கிறான். பிறகு யார் பார்ப்பது? பூப்பறித்துவிட்டு வந்து, குளித்து, பொன்னழகு சேலை மாற்றுவதே அந்த நடுவீட்டில்தான்.

கிளாரா போன் போட்டாள். "அக்கா, பெட்டி சுவிட்சை அமத்துங்க. எவனோ உங்க கேமராவைப் பாக்குறான்."

பொன்னழகு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏத்தா, சோதிக்கிறியாக்கும்! போன தடவ ஏமாந்து உங்கிட்ட வாங்கிக் கட்டுனது போதும்."

"சத்தியமா சோதனை இல்லக்கா. கேமரா மேல ஒரு துணியாவது போடுங்க."

"துணியப் போட்டா எம் மகன் பயந்துருவான். போயி வேலையப் பாரு தாயி."

கெஞ்சக் கெஞ்ச அவளுக்குச் சிரிப்புத்தான் கூடியது. அட, என் வாயாலேயே கெடுத்தேனே என்று கிளாரா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பையை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து சாணார்பட்டி பஸ் ஏறினாள்.

பூட்டிய கிரில்லுக்கு உள்ளே ஈரச்சேலையும் தலையில் துண்டுமாக நின்றாள் பொன்னழகு. "யாரு?"

"நாந்தான்க்கா, கிளாரா. தொறங்க, உள்ள பெட்டியை அமத்தணும்."

பொன்னழகு ஏற இறங்கப் பார்த்தாள். "குரலு என்னமோ அவ குரலாட்டந்தான் இருக்கு. செத்த இரு, ஆபீசுக்குக் கேட்டுக்கிறேன்."

"அக்கா, ஆபீசுல யாரும் இல்ல! நான்தான இங்க நிக்கிறேன்!"

காதில் வாங்கவில்லை. ஸ்பீக்கரில் மணி போய்க்கொண்டே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே அது அலறுவது கிளாராவுக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி நின்றது. பொன்னழகின் முகம் வெளிறிவிட்டது.

"பதினோரு வருசத்துல ஒருக்காக்கூட எம் புள்ள போனை எடுக்காம இருந்ததில்ல. அவளை என்னடி பண்ணுனீங்க?"

"ஐயோ, அக்கா..."

"ஓடிராத. ஈரத்தை மாத்திட்டு வந்து போலீசக் கூப்பிடுறேன்."

உள்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கிளாரா இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். "மாத்தாதீங்கக்கா, மாத்தாதீங்க!" என்று கத்தினாள். கதவு திறக்கவில்லை.