என் எழுத்துக்குக் கீழே அவர் பெயர்

ஈப்போவில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் மூன்று மாதம் பயிற்சி மாணவியாக இருந்தேன். ரப்பர் தோட்ட ஓவியங்களுக்கு விளக்கங்கள் எழுதினேன். பெயர் போடாமல் மேற்பார்வையாளரிடம் கொடுத்தது என் முட்டாள்தனம். திறப்பு நாளில் பார்த்தால், எல்லாவற்றின் கீழும் அவர் பெயர்!

கேட்டதற்கு, "பிராக்டிக்கல் பண்ண வந்த பிள்ளைக்கு பேரு எதுக்குலா?" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார்.

கல்லூரிக்குக் காட்டவேண்டிய பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த விளக்கங்களை அன்றன்றே எழுதி வைத்திருந்தேன். படிக்காமலேயே வாராவாரம் அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அதை அங்கேயே நின்ற காட்சியக இயக்குநரிடம் நீட்டினேன்.

"தங்கச்சி, வெளிய போயி பேசலாம் வா," என்றார் மேற்பார்வையாளர்.

"எல்லார் முன்னாடியும்தானே சிரிச்சீங்க அண்ணே? இங்கயே பேசுங்க."

இயக்குநர் எடுக்கச் சொன்னதும், ஒட்டியிருந்த தன் பெயரை மேற்பார்வையாளரே நகத்தால் சுரண்டினார். கடைசி எழுத்துவரை நின்று பார்த்தேன். இரக்கமே வரவில்லை. இப்போது என் பெயரைப் போடாமல் எதையும் யாரிடமும் கொடுப்பதில்லை.