ஒரே ஆள், ஐந்து எண்

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் கிடக்கும் நோயாளிப் பதிவுகளை வைத்து முனைவர் பட்டம் வாங்குவது என்றால், முகமே பார்க்காத ஆட்களின் ரத்தத்தைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்பது என் தலைப்பு. அதற்காகத் திருநகரிலிருந்து பஸ் பிடித்து, மதுரைக்குள் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகிறேன். எக்ஸெல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கும் சக ஆராய்ச்சி மாணவர்களே, உங்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும்.

எல்லாருக்கும் ஒரே பிரஷர்

முதல் மாதமே ஒரு அதிசயம். ஒரு திங்கட்கிழமை வந்த அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் 120/80. இருபது வயதுக்காரருக்கும் அதுதான், எழுபதைத் தாண்டியவருக்கும் அதுதான்.

கோபமாகக் கீழே இறங்கிப் போனேன். பதிவு போடும் நர்ஸ் செல்வி அக்காவைச் சுற்றி ஒரு பெரும் கூட்டம். மேசையில் இருந்த ஒரே பிரஷர் கருவியில் காற்றே நிற்கவில்லை. "அக்கா, பாக்காமலே போடுறீங்களா?" என்றேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போகமாட்டேங்குதும்மா. மிஷின் ரிப்பேர்னு எழுத அதுல இடமும் இல்ல. நீ வேணா இந்த நாற்காலியில உக்காரு, நான் மேல போயி ஆராய்ச்சி பண்றேன்."

பெயர் கிடையாது

நோயாளியின் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டுத்தான் பதிவுகளை எங்களுக்குத் தருவார்கள். நியாயமான விதிதான். செல்போன் எண்ணுக்குப் பதிலாக ஒரு குறியீடு மட்டும் இருக்கும். ஒருநாள் ஐந்து நோயாளி எண்களில் ஒரே குறியீட்டைப் பார்த்தேன். பிறந்த தேதியும் ஒன்றே. வரிசை நீண்டால் பழைய எண்ணைத் தேடாமல் புது எண் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஐந்தையும் தேதிவாரியாக அடுக்கினேன். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு டாக்டரும் பார்த்தது ஒரு படியை மட்டும். மூன்றாவது எண்ணில் ஒரு டாக்டர், 'சிறுநீரகத்துக்கு ஆகாது, மூட்டுவலி மாத்திரை கூடவே கூடாது' என்று எழுதியிருந்தார். நான்காவது எண்ணில் இன்னொருவர் அதே மாத்திரையை எழுதியிருந்தார். பதிவுப் பிரிவு அதிகாரியிடம் ஓடி, இந்த ஆளுக்கு இன்றைக்கே போன் போடவேண்டும் என்றேன்.

"பேரே வேணாம்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற கமிட்டி அடுத்த மாசம் கூடும், அப்ப மனுக் குடுங்க."

நாலை அழி

என் நெறியாளர் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "இரட்டைப் பதிவு. எல்லா இடத்துலயும் உள்ளதுதான். நாலை அழிச்சிட்டு ஒண்ணை வச்சுக்க" என்றார்.

"எந்த ஒண்ணை சார்? அந்த ஆள் இன்னும் அந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டு இருப்பாரு!" என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் உயரவே இல்லை.

"ஒரு ஆளுக்காக நின்னா தீசிஸ் முடியாதும்மா. நமக்கு வேண்டியது சராசரி."

தேதி தவறாமல்

சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மாவின் அறை வாசலில், கடைசி நோயாளி வெளியே வரும்வரை நின்றேன். வைத்தியம் பார்ப்பவர் என்பதால் பெயரைத் திறக்க அவருக்கு அனுமதி உண்டு. ஐந்து எண்ணையும் அடுக்கியிருந்த என் தாளைப் பார்த்தார், உடனே போனை எடுத்தார்.

மறுநாள் காலை அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் பாண்டி, லேத் பட்டறைத் தொழிலாளி. அந்த மாத்திரை அன்றே நின்றது. ஆனால் சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. டயாலிசிஸுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. பிறகு பாண்டியிடம் கேட்டுக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் முதல் நான்கு எண்ணுக்கு எதிரிலும் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்றிருந்ததை நம்பி, "ஏண்ணே விட்டுட்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் மஞ்சள் பையிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சொன்ன தேதி தவறாம வாரேன் தாயி. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் என்னையப் புதுசாப் பாக்குறீக."

கமிட்டி கூடியது

விதியை மீறியதாகவும், நேரில் வரவேண்டும் என்றும் கமிட்டியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. போனேன். போகும்போது, இதேபோல எண் சிதறிக் கிடந்தவர்களின் பட்டியலையும் எடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன். "இவங்களுக்கும் போன் போடுங்க. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க." கடைசியில் பட்டியலை டாக்டரம்மாவிடம் ஒப்படைக்கச் சம்மதித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. ஆனா இனிமே செய்யாதீங்க."

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆய்வு தேவை' என்று வழக்கப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதத்தான் போகிறேன், ஆராயவேண்டியது நோயாளிகளை அல்ல என்பதையும் சேர்த்து.