ஆறாவது விளக்கில் நின்றுபோன பச்சை

"அது ஜெனிகிட்டதானேம்மா போயிருக்கணும், என்கிட்ட ஏன் வந்துச்சு?"

ஆட்டோ காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது என் மகள் ஆதிரை இப்படிக் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அன்று நான் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவள் எதைக் கேட்கிறாள் என்று புரியாமல் இல்லை, புரிந்ததுதான் பிரச்சினை.

பேய், காற்று, கருப்பு எதையும் நம்பாதவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமி, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கச் சொல்வார். நான் சிரித்துவிட்டுத் தில்லை நகர் டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்காருவேன். பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேறு. எனவே இதைப் படித்துவிட்டு நீங்கள் நம்பாவிட்டால் தப்பே இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எங்கள் பள்ளி ஆண்டு விழா தென்னூரில் ஒரு வாடகை அரங்கத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் மேடை விளக்குக்கு உதவியாக என்னைப் போட்டார்கள். விளக்குக்காரர் சலீம் பாய், ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மேடைக்கு முன்னால் வரிசையாக ஆறு விளக்குகள் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றின் முகத்திலும் ஸ்க்ரோலர் என்று ஒரு பெட்டி. பல நிற ஜெலட்டின் பேப்பர்களை ஒட்டி ஒரே நாடாவாக்கி, கேசட்டில் டேப் சுற்றியிருப்பதுபோல இரண்டு பக்கமும் சுற்றியிருக்கும். மோட்டார் அதை நகர்த்தி, வேண்டிய நிறத்தை விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். கண்ட்ரோல் போர்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சுவிட்ச், மேலே கீழே தள்ளுகிற மாதிரி. ஒன்று எந்த நிறம் என்பதற்கு, மற்றது எவ்வளவு வேகம் என்பதற்கு.

"வேகம்தான் டீச்சர் முக்கியம்," என்றார் சலீம் பாய். "நீலத்துலேர்ந்து பொன்மஞ்சளுக்கு வரணும்னா நடுவுல பச்சை, சிவப்பு, ரோஸ் எல்லாத்தையும் தாண்டித்தான் வரும். வேகமா விட்டா சர்ருனு ஒரு சத்தம், கண்ணுக்கே தெரியாது. மெதுவா விட்டீங்கன்னா அத்தனை கலரும் மூஞ்சியில ஏறி இறங்கும். கீழ ஆள் நிக்கிறப்ப மெதுவா விடவே கூடாது, சரியா?"

"பச்சை விழுந்தா என்ன ஆகும் பாய்?"

"அழகான புள்ளையும் ஆஸ்பத்திரிலேர்ந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும்," என்று சிரித்தார்.

அதை நான் மறந்திருக்கலாம். மறக்கவில்லை.

ஆதிரையின் நடனம் பதினான்காவது. அவளை முன்வரிசை நடுவில்தான் நிறுத்தியிருந்தார்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அடவு மறந்துபோகிறாள் என்று இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஜெனிஷாவை நடுவில் நிறுத்தினார்கள். ஜெனி, ஸ்டெல்லா மிஸ்ஸின் மகள். மிஸ் எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு வேலை முடியத் தாமதமானால் ஆதிரையைத் தன்னோடு வைத்துச் சாப்பாடு ஊட்டிவிடுகிறவர். இரண்டு குழந்தைகளும் ஒரே பெஞ்ச். ஜெனியின் அப்பா குவைத்தில் இருக்கிறார், மகள் ஆடுவதை வீடியோ காலில் பார்க்க அன்று விடுப்பு எடுத்திருந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

முந்தின இரவு ஆதிரை, "நான் நல்லா ஆடலையாம்மா?" என்று கேட்டிருந்தாள். அதைக் காரணமாகச் சொல்லவில்லை, அல்லது சொல்கிறேனோ என்னவோ.

விழா வெள்ளிக்கிழமை. மதியம் சலீம் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "யாரும் போர்டுல கை வைக்காம பாத்துக்கங்க டீச்சர், உங்களை நம்பித்தான் போறேன்" என்றார். அரங்கத்தில் யாரும் இல்லை. மேடை நடுவில், ஜெனி நிற்கப்போகும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். அதற்கு நேர் மேலே இருப்பது மூன்றாவது விளக்கு. பதினான்காவது நடனத்துக்கு அவர் போர்டில் பதிவு செய்திருந்த செட்டிங்கைத் திறந்து, மூன்றாவது ஸ்க்ரோலரின் வேகத்தை மட்டும் நூறிலிருந்து ஐந்துக்குக் குறைத்துப் பதிவு செய்தேன். ஓட்டிப் பார்த்தேன். மற்ற ஐந்தும் சட்டென்று பொன்மஞ்சளாக, நாற்காலிமேல் மட்டும் பச்சை ஊர்ந்து ஏறியது. ஆதிரை நிற்கும் ஓரத்துக்கு மேலே ஆறாவது விளக்கு, அது தங்கமாக இருந்தது. ஒரு நிமிடம்தானே, அதற்குள் பச்சை தாண்டிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம்பினால் நம்புங்கள், அந்த ஓட்டத்தை என் கண்ணால் பார்த்தேன். மூன்றுதான் ஊர்ந்தது. ஆறு இல்லை.

மாலை பதின்மூன்று நடனங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின. பதினான்கு வந்தது. நீல வெளிச்சத்தில் குழந்தைகள் வந்து நின்றார்கள், பொத்தானை நான்தான் அழுத்தினேன். சர்ரென்று ஐந்து பெட்டிகள் சுற்றின. ஜெனி முகம் பொன்னாக மின்னியது. ஓரத்தில் மட்டும் நீலம் அப்படியே நின்றது, பிறகு அதன் விளிம்பில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது, அது என் மகள்மேல் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. மேலிருந்து நெற்றி, கண், வாய். முழுதும் பச்சையானதும் நின்றுவிட்டது.

ஆதிரை ஆடுவதை நிறுத்தினாள். அழவில்லை. தலையை நிமிர்த்தி அந்த விளக்கைப் பார்த்தபடியே நின்றாள்.

நான் ஆறாவதன் வேகத்தை மேலே தள்ளினேன். அது ஏற்கனவே நூறில்தான் இருந்தது. இறக்கி ஏற்றினேன், அசையவில்லை.

"விடுங்க டீச்சர், நான் பாக்குறேன்." சலீம் பாய் கைக்கு எட்டியதையெல்லாம் தள்ளிப் பார்த்தார். "லைட்டையே இறக்கினா பாப்பா இருட்டுல நிக்கும். யா அல்லா, இது என்ன இது."

பாட்டு முடிந்து எல்லா விளக்கும் அணைந்தபிறகு, இருட்டில், அந்த ஒரு பெட்டி மட்டும் சர்ரென்று சுற்றி நின்ற சத்தம் கேட்டது.

அடுத்து நான் செய்ததைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. சலீம் பாய் ஆறாவதைப் பார்க்க மேடைப் பக்கம் ஓடினார். அந்த இடைவெளியில் பதினான்காவது பதிவைத் திறந்தேன். மூன்றின் வேகம் ஐந்து, ஆறின் வேகம் நூறு. நான் வைத்தது வைத்தபடியே இருந்தது. அந்தப் பதிவையே அழித்துவிட்டேன்.

விழா முடிந்ததும் தாளாளர் வந்தார். "என்னங்க பாய், ஒரு சின்னப் புள்ளையை இப்படிப் பச்சையா நிக்க வச்சுட்டீங்க? அதுவும் உங்க கூட நிக்கிற டீச்சரோட புள்ளை!"

"சார், செட்டிங் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, இதோ காட்டுறேன்," என்று போர்டைத் திறந்தவர் திகைத்துப்போனார். "பதினாலைக் காணோமே... டீச்சர், நீங்க பாத்தீங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலை பாய்" என்றேன்.

"அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று தாளாளர் போய்விட்டார். சலீம் பாய் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். அப்போது ஸ்டெல்லா மிஸ் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஜெனி அப்பா அங்க அழுதுட்டாரு மிஸ், இவ்வளவு அழகா இருக்காளான்னு. ஆனா பாவம் ஆதிரைக் குட்டி. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க, நாளைக்கு நான் அவளுக்குப் பிடிச்ச புட்டு செஞ்சு கொண்டாரேன்." நிஜமாகவே கொண்டுவந்தார். நான் சாப்பிடவில்லை.

பாலத்தில் ஆதிரை கேட்டது அன்று இரவுதான். மதியம் அவள் பள்ளியில் இருந்தாள், அரங்கத்தில் இல்லை. என் கணவரிடம்கூட நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. "யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலையே" என்றாள், நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டதுபோல.

திங்கட்கிழமை சலீம் பாய் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்துப் பயந்தேன். அவர் கையில் ஆறாவது பெட்டியின் நாடா இருந்தது.

"ஒயர் மாறியிருக்குமோன்னு பாத்தேன் டீச்சர். மூணும் ஆறும் மாறியிருந்தா மத்த டான்ஸும் கெட்டிருக்கணும்ல? கெடலையே. அதை விடுங்க, இதைப் பாருங்க. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

நாடாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லா நிறமும் புத்தம் புதிதாக இருந்தன. பச்சை மட்டும் நடுவில் வெளுத்து, தண்ணீர் நிறமாகிப் போயிருந்தது.

"நூறு நூத்தம்பது ஷோ தொடர்ந்து விளக்கு முன்னாடி நின்னாத்தான் பச்சை இப்படி வெளுக்கும். இது வெள்ளிக்கிழமை காலையில உங்க கண்ணு முன்னாடி மாட்டுன புது ரோல்."

அவர் மாட்டியதை நான் பார்த்தேன். அன்று என் மகள்மேல் அது நின்றது நான்கு நிமிடம்.

"சூடு அதிகமா இருந்திருக்கும் பாய்" என்றேன். அவர் நாடாவை ஜன்னலிலிருந்து இறக்கினார். பிறகு அந்தப் பச்சைத் துண்டைக் கத்தரித்து, "நீங்களே வச்சுக்கங்க டீச்சர், எனக்கு இதைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனார். அது என் பீரோவில், ஆதிரையின் தடுப்பூசி அட்டைக்குள் இருக்கிறது. ஏன் அதற்குள் வைத்தேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு ஜெனி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கேக் வெட்டினேன். க்ரீம் பூ வைத்த துண்டை என்னை அறியாமல் ஆதிரை தட்டுப் பக்கம் நகர்த்தினேன். ஆதிரை என்னைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, மேலே டியூப்லைட்டைப் பார்த்தாள், அது என் கை நகர்வதற்கு முன்பா பின்பா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. துண்டை ஜெனி தட்டில் வைத்தேன். அதன்பிறகுதான் ஆதிரை குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

இதை விளக்கச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு வேறு விளக்குக்காரரைப் பேசத் தொடங்கிவிட்டார்கள், எனக்கு அவகாசம் அதிகம் இல்லை. நான் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், சலீம் பாயிடமா, ஸ்டெல்லா மிஸ்ஸிடமா? இல்லை, ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கிற ஏழு வயதுக் குழந்தையிடமா? அவளிடம் என்றால், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? குழந்தை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்.