மழைப் புத்தகத்தில் ஒரு பிறந்த நாள்

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த கிருஷ்ணம்மாளை முதல் இரண்டு மாதமும் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். உப்பு அதிகம், கரண்டிச் சத்தம் அதிகம், எல்லாவற்றையும் விடப் பேச்சு அதிகம். நான் கணக்குப் போடும்போது சமையல் கொட்டகையிலிருந்து விடை வரும். அதுவும் சரியான விடை. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவரிடம் தோற்பது, சேலத்தில் பயிற்சி முடித்து வந்த தேவகுமாரி டீச்சருக்கு, அதாவது எனக்கு, கொஞ்சமும் பிடிக்கவில்லை.

1985 ஜூனில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். நாகலூர் பக்கத்தில் காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே இரண்டு அறையும் ஐந்து வகுப்பும் கொண்ட ஆரம்பப் பள்ளி. தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. எல்லாமே நான்தான்.

பிள்ளைகளின் பிறந்த நாளை வகுப்பில் கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஜூன் ஒன்று. அடுத்த பெயருக்கும் ஜூன் ஒன்று. முப்பத்தொரு பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தார்கள்! தலைக்கு மேல் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கிற நாளே பிறந்த நாள். எனக்கு முன்னால் இருந்தவர்களின் சட்டம் அது. பெற்றவர்களுக்கும் அதில் குறையில்லை. காபிப் பழம் எடுக்கிற சீசனில் பிறந்தது, பூ பூத்த மாதத்தில் பிறந்தது என்பதே அவர்களுக்குப் போதும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்துக் கிருஷ்ணம்மாள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் கேசரி கிண்டி விழாவை முடித்தோம்.

டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பொங்கல் முடிந்ததும் மலைப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒரு பிள்ளையைச் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும். பத்து வயது நிறைந்திருக்கக் கூடாது.

நான் யோசிக்கவே இல்லை. ஐந்தாம் வகுப்புக் காவேரிதான். எஸ்டேட்டில் பழம் எடுக்கும் மாரியம்மாளின் மகள். ஏற்காட்டு மலைப்பாதையை இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு களிமண்ணில் செய்து வைத்திருந்தாள். குப்பனூர் வழியாக இறங்கும் இன்னொரு பாதையையும் விடவில்லை. சேதி தெரிந்த நாளிலிருந்து, கடலைச் சுற்றி வரப்பு இருக்குமா, ராத்திரியிலும் அலை வருமா என்று என்னைத் துளைத்தெடுத்தாள்.

ஆனால் பதிவேட்டின்படி அவளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அம்மா வேலைக்குப் போக வேண்டுமே என்று மூன்று வயதிலேயே அவளைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நீளக் கை. காதைத் தொட்டுவிட்டாள். உடனே ஐந்து வயது என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் முதல் வகுப்பிலேயே இரண்டு வருஷம் தூங்கினாள். கை நீளமாக இருந்த குற்றத்துக்கு அவளுக்குக் கடல் இல்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. ஆனாலும் வேறு வழி தெரியாமல் இன்னொரு பிள்ளையின் பெயரை எழுத உட்கார்ந்தேன்.

கிருஷ்ணம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காவேரிக்கு எட்டு வயதுதான், தனக்குத் தெரியும் என்றார். கோடையின் முதல் மழையில்தான் காபிச் செடி பூக்கும். அதைப் பூ மழை என்பார்கள். அந்த மழை கொட்டிய நாளில் பிறந்தவள் இவள். காபி காயவைக்கும் களத்துக்குப் புதிதாக சிமெண்ட் போட்டு ஈரம் காய்வதற்குள் பெய்து, களமே குழி குழியாகிவிட்டதாம். களத்து ஓரத்தில் 1977 என்று பொறித்திருக்கிறது. தேதி வேண்டுமே என்றேன் பெரிய மனுஷி தோரணையில். எஸ்டேட்டில் தினமும் மழையை அளந்து எழுதுகிறார்கள், எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் இருக்கும் என்றார்.

ரைட்டர் காளியண்ணன் மறுத்துவிட்டார். மழைப் புத்தகம் தன் கையை விட்டுப் போகக் கூடாதாம். கிருஷ்ணம்மாள் அந்த எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷம் பழம் எடுத்தவர், விடுவாரா? போகவே வேண்டாம், நீங்களே கையில் வைத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள் என்றார். மறுநாள் மாரியம்மாளையும் காவேரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். காளியண்ணன் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி எங்களோடு பஸ்ஸில் வந்தார். சாயங்காலம் பழம் எடை போடுவதற்குள் திரும்ப வேண்டும் என்று வழியெல்லாம் முனகினார்.

ஏற்காட்டில் கல்வி அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். 1977 மார்ச் பதினேழு, ஒன்றரை அங்குலம், பூ மழை. மழை பெய்தது சரி, இந்தப் பெண் அன்றைக்குத்தான் பிறந்தாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். ஊரார் பிள்ளை பிறந்த நாளை இத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்க முடியுமா என்று கிருஷ்ணம்மாளிடமும் கேட்டார். நியாயமான கேள்வி.

கிருஷ்ணம்மாள் சொன்னார்: "மாரியம்மாளுக்கும் எனக்கும் ஒரே நாள்ல வலி வந்துச்சுங்க. எஸ்டேட் லைன்ல பக்கத்துப் பக்கத்து ஊடு. மருத்துவச்சி ஒருத்திதான், மழையில அங்கயும் இங்கயும் ஓடுனா. அவளுக்கு இந்தக் கண்ணு பொறந்துச்சு. எனக்குப் பையன். பொழுது சாயற வரைக்கும்தான் இருந்தானுங்க."

அரிசி எத்தனை படி என்று சொல்கிற அதே குரல். மாரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி மாரியம்மாள், கிருஷ்ணம்மாள், காளியண்ணன் மூவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் தேதியைத் திருத்த உத்தரவு போட்டார். பொங்கல் கழிந்து காவேரி சென்னைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டும் வந்தாள். வரப்பு இல்லை என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

உத்தரவு வாங்கித் திரும்பிய அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எனக்கு வெட்கமாக இருந்தது. பேச்சு அதிகம் என்று நான் திட்டிய பெண் ஆறு மாதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரே பக்கத்தில் வந்தார். அதிகாரி படித்த தேதி என்ன என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"அப்பிடின்னா எம் பையனுக்கும் அதே தேதிதானுங்களே டீச்சர்?"

ஆமாம் என்றேன். எழுதித் தரச் சொன்னார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, பெயர் என்ன என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பேரு வைக்கலீங்க. தேதி மட்டும் எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். மடித்து வாங்கிக்கொண்டார். நாகலூர் பஸ் வந்தது. கூட்டத்தை முண்டிக்கொண்டு அவர்தான் முதலில் ஏறி, எங்கள் எல்லாருக்கும் இடம் பிடித்தார்.