எது அக்கரை?

திரைக்காரம்மாவுக்கு எதையும் குடைந்து கேட்காவிட்டால் தூக்கம் வராது. ஜன்னல் திரை தைப்பது தொழில். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது பிறவிக் குணம். கார் இடித்து முழங்கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, எலும்புக்குள் வைத்த திருகாணி துருப்பிடிக்காதா என்று டாக்டரைப் போகவிடாமல் கேட்டவர்.

அப்படிப்பட்டவருக்கு வழக்கே ஒரு விடுகதையாக வந்து வாய்த்தது. ஊர் நடுவே ஆறு, ஆற்றின் நடுவே எல்லை. இரண்டு கரைக்கும் ஒரே பேச்சு, ஒரே பாலம். அரசாங்கமும் சட்டமும் மட்டும் வேறு வேறு. அந்தப் பாலத்தில்தான் விபத்து. நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்ததால் அன்று அவர் சாலையில் இறங்கி நடந்தார். அவர் வாழ்க்கைப்பட்ட கரையின் சட்டப்படி, சாலையில் இறங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது. எதிர்க்கரையின் சட்டம் அவர் தப்புக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். அது கிடைத்தால்தான் இரண்டாவது ஆபரேஷன். அது நடந்தால்தான் கால் மடங்கும். தையல் மெஷினை மிதிக்க முடியும்.

"வழக்கு நம்ம கோர்ட்ல, சட்டம் மட்டும் அங்கேருந்து வருமா? பக்கத்து வீட்டுக் குழம்பை நம்ம அடுப்புல வைக்கிற மாதிரி இருக்கே" என்றார் தன் வக்கீலம்மாவிடம்.

"வைக்கலாம்மா. இடிச்ச இடம் எந்தக் கரையோ, அந்தக் கரைச் சட்டம். பாலத்துல எந்தப் பாதின்னு காட்டணும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' லேசுப்பட்டதாக இல்லை. பாலத்துக் கேமரா வேலை செய்யவில்லை. கார்க்காரர் இந்தப் பாதிதான் என்று சாதித்தார். மிஞ்சியது எதிர்க்கரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் திரைக்காரம்மா கொடுத்த வாக்குமூலம். அதில், 'அக்கறையில் கார் இடித்தது' என்று யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள்.

"எவ்வளவு அக்கறையா வந்து இடிச்சிருக்கான் பாருங்க" என்று திரைக்காரம்மா சிரித்தார். எழுத்துப் பிழை யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எது அக்கரை என்பதுதான் கேள்வி. எதிர்க்கரையில் படுத்துக்கொண்டு அக்கரை என்றால் அது வீடு இருக்கும் கரைதானே என்றது கார்க்காரரின் இன்சூரன்ஸ் தரப்பு. போதாக்குறைக்கு அவர் பிறந்ததும் எதிர்க்கரையில்.

வக்கீலம்மா வீட்டுக்கு வந்து திரைக்காரம்மாவின் புருஷனை விசாரித்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

"கல்யாணமான புதுசுல எங்க வீட்டைத்தான் அக்கரைன்னு சொல்லுவா. இங்க உக்காந்துகிட்டே, 'அக்கரையில தண்ணி உப்பு'ன்னுவா. எங்கம்மாவுக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் எப்பவோ மாறிடுச்சு. இப்ப அந்தப் பக்கம் போய் நின்னாக்கூட அதைத்தான் அக்கரைங்கறா."

"எப்ப மாறுச்சு?"

"அவளைத்தான் கேக்கணும்."

திரைக்காரம்மாவுக்கும் தெரியவில்லை. உலகத்தையெல்லாம் குடைந்தவர் தன்னை இந்த ஒரு கேள்வி கேட்டதே இல்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தைவிட அதுதான் அவரை அரித்தது. காலை நீட்டிக்கொண்டு கையால் திரைக்கு ஓரம் அடித்தபடி யோசித்தார். மகள் பிறந்தபோதா? சொந்தமாக மெஷின் வாங்கியபோதா? எதுவும் ஒட்டவில்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் தன்மையாகத்தான் கேட்டார். "பொறந்த வீட்டுப் பக்கத்தை யாராவது அக்கரைன்னு சொல்லுவாங்களாம்மா?"

திரைக்காரம்மா தேடிக்கொண்டிருந்தது அந்த நேரம் பார்த்துக் கையில் தட்டுப்பட்டது.

"சொல்ல மாட்டாங்க ஐயா. நானும் சொன்னதில்ல, எங்கம்மா இருந்தவரைக்கும். அது வாடகை வீடு. அம்மா போனதும் காலி பண்ணி, சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு பாலத்துல நடந்து வந்தேன். பாதியில திரும்பிப் பாத்தேன். அன்னிலேருந்துதான் எனக்கு அது அக்கரை."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் மாத்திச் சொன்னதே இல்லையா?"

"மாத்திச் சொல்ல அங்க யாரும் இல்லையே ஐயா."

விபத்து எதிர்க்கரைப் பாதியில் நடந்தது, அந்தக் கரையின் சட்டமே பொருந்தும் என்று நீதிபதி சொன்னபோது வக்கீலம்மா திரைக்காரம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். மெஷின் மிதிக்கலாம் என்ற சந்தோஷம் மெதுவாகத்தான் ஏறியது.

வெளியே புருஷன் தோளைக் கொடுத்து ஒவ்வொரு படியாக இறக்கினார். "நம்ம கரையை நீ இக்கரைன்னு சொல்லணும்னு எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். மாறுனப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே இப்பதான தெரியும்."

அவர் இன்னொரு படி இறக்கினார். பிறகு கேட்டார், "அன்னிக்கு அழுதியா?"

"பாலம் முடியற வரைக்கும்."