பரமலிங்கம் அண்ணை தொடாத கற்பூரம்

என் மகள் துளசியைக் கனடா விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள் என்று மருமகன் நிரோசன் தொலைபேசியில் சொன்னபோது, நான் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பையும் நூர்த்துவிட்டது.

அம்மாளின் அடியவர்களே, நான் புங்குடுதீவில் பிறந்து, புங்குடுதீவிலேயே வாழ்க்கைப்பட்டு, கணவரையும் இங்கேயே எரித்தவள். எனக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை. கனடாவில் இருக்கும் நிரோசன் வந்து ஊரறியத் தாலி கட்டி, கலியாணப் பதிவு எழுத்தும் முடித்து, இரண்டு வருடம் காத்திருந்துதான் விசா வந்தது. கடந்த ஆண்டு வைகாசியில் அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்த எனக்கு, இனி ஒரு கவலையும் இல்லை என்ற நினைப்பு.

அங்கே அவளை ஓர் அறையில் இருத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உனக்கு ஏற்கெனவே ஊரில் கலியாணம் முடிந்துவிட்டதாமே, வேலணையில் ரியூசன் படிப்பித்த ஒருவரோடு பதிவு செய்தாயாமே, இது கனடாவுக்கு வருவதற்கான பொய்க் கலியாணமாமே என்று. பிறகு மொழிபெயர்ப்பவர் கேட்டாராம்: "மைனா எண்டது நீங்கள்தானே?"

மைனா என்பது நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர். அது எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் ஒருவருக்கும் தெரியாது. யாரோ இங்கிருந்து மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

திருப்பி அனுப்ப இருப்பவர்களை அடைத்து வைக்கும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒருநாள் பேச விட்டார்கள்.

"அம்மா, இஞ்சை கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கியதும் அங்கேயும் மறித்து விசாரிப்பார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஊருக்கு வந்தால் அவள் தலை நிமிர்ந்து நடப்பாளா? சம்பந்தியம்மா தொலைபேசியில், "மறைக்காமல் சொல்லுங்கோ, அப்பிடி ஏதும் இருந்ததோ?" என்று கேட்டதுதான் என் நெஞ்சை அறுத்தது. நிரோசன் மட்டும் ஒருநாளும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பதிவும் இல்லை என்று இங்கே பதிவாளரிடம் கடிதம் எடுத்து அனுப்பினேன். அதைச் சரிபார்க்க நாள் எடுக்கும் என்றார்கள். வழக்கறிஞர் ஒரு தமிழ்ப் பெண். "அம்மா, எழுதின ஆளே அது பொய்யெண்டு சத்தியக் கடதாசி தந்தால் கெதியாய் முடியும். ஆனால் ஆர் தரப்போகினம்?" என்றார்.

ஆர் என்று எனக்குத் தெரியும். மூன்று வளவு தள்ளி இருக்கிற பரமலிங்கம் அண்ணை. நிரோசனைத் தன் மகள் விதுஷாவுக்குக் கேட்டு அலைந்தவர். சம்பந்தம் எங்களுக்குச் சரிவந்த நாளிலிருந்து எங்கள் படலையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் தெரிந்து என்ன? கண்டவர் இல்லை, கேட்டவர் இல்லை.

நயினாதீவு அம்மன் கோவிலுக்குப் போய் நேர்த்திக்கடன் வை என்று சொன்னார்கள். படகேறிப் போய்க் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. என் எதிரி கும்பிடுகிற அதே கோவிலுக்குத்தான் போனேன், எங்கள் வட்டாரத்து அம்மன் கோவிலுக்கு. வீதியில் நின்று தலையை விரித்தேன். மண்ணை அள்ளித் தூற்றினேன்.

"என்ரை பிள்ளையை வெளியிலை விடு. இதைச் செய்தவனை எல்லாருக்கும் முன்னாலை நிப்பாட்டு. ரெண்டையும் செய். ஒண்டு மட்டும் செய்தால் எனக்குக் காணாது."

கெடுதி கேட்கக் கூடாது என்று பக்கத்தில் நின்ற பெண்கள் புத்தி சொன்னார்கள். பிறகு அம்மாள் சூலத்தை எதற்காக வைத்திருக்கிறாள், அழகுக்கா? ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் அதையேதான் கேட்டேன். பகலில் பச்சைத் தண்ணீர்தான் குடித்தேன், இரவில் ஒரு பழம்.

ஆனியில் கொடியேறியது. ஏழாம் திருவிழா பரமலிங்கம் அண்ணையின் உபயம். பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி, இடுப்பில் சால்வை, விரலில் தர்ப்பை. மேளம் வேறு வெளியூரிலிருந்து பிடித்திருந்தார். அம்மாள் வீதி சுற்றி வந்து இருப்பிடத்தில் அமரும்வரை நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுடைய திருவிழாவைக் குழப்ப நான் போகவில்லை. ஐயர் காளாஞ்சித் தட்டை எடுத்தார். உபயகாரருக்குக் கொடுக்கும் மரியாதை அது. அப்போது நான் முன்னே போய், அம்மாளுக்கு நேரே கல்லில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன்.

"அண்ணை, என்ரை பிள்ளையைப் பற்றி நான் எழுதேல்லை எண்டு சொல்லி, இதைக் கையாலை அடிச்சு நூருங்கோ. நூர்த்தால் இந்த இடத்திலேயே உங்கடை காலிலை விழுறன்."

மேளம் நின்றுவிட்டது. அவர் சிரித்தார். "உமக்கென்ன விசரே? கோயிலுக்கை வந்து உது என்ன கூத்து?"

கற்பூரம் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அது பிள்ளைகளின் தலையில் விழும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் அம்மாள் வாய் திறந்தாள். என் வாயால் அல்ல. பூத்தட்டோடு நின்ற விதுஷாவின் வாயால்.

"அடியுங்கோவன் அப்பா. நீங்கள் செய்யேல்லைத்தானே. அடிச்சுப்போட்டு வாங்கோ."

பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. தகப்பனை அவ்வளவு நம்பியிருந்தது. அவர் கையை நீட்டினார். மகளைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

"என்னாலை ஏலாது" என்றார். பிறகு, "நான்தான் எழுதினனான்" என்றார்.

விதுஷா தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஐயர் காளாஞ்சியை நீட்டியபடியே நின்றார். அதை வாங்கப் பரமலிங்கம் அண்ணைக்குக் கை எழவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோசம் துளசி பிறந்த அன்று வந்ததற்குக் குறைந்ததல்ல. யாரும் என்னைத் தப்பாக நினைத்தாலும் நினைக்கட்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போனேன். சமாதான நீதவானுக்கு முன் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, சத்தியக் கடதாசியில் கையொப்பம் வாங்கி அனுப்பினேன். என் பிள்ளையை அடைத்த அதே ஆள்தான் கதவைத் திறக்கவும் வேண்டியிருந்தது. ஆனி முடிவதற்குள் துளசியை விட்டுவிட்டார்கள். நிரோசனின் காருக்குள் இருந்துகொண்டு தொலைபேசியில் அவள் முதலில் கேட்டது, "அம்மா, சாப்பிட்டியளோ?" அன்றுதான் நான் சோறு சாப்பிட்டேன்.

முன்பெல்லாம் நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் கோவிலுக்குப் போகிறவள் நான். இப்போது நான் போகாத வெள்ளிக்கிழமை இல்லை. முற்றம் கூட்டுகிறேன், பூ கட்டிக் கொடுக்கிறேன். மன்னித்துவிடு என்று பலர் சொல்கிறார்கள். அம்மாள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பார்ப்போம்.

இந்த ஆண்டு தையில் விதுஷாவுக்கும் பிரான்சில் ஒரு சம்பந்தம் பொருந்தி, விசாவுக்குப் போட்டார்கள். அடுத்த நாளே பரமலிங்கம் அண்ணை என் படலையில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"தங்கச்சி, என்ரை பிள்ளையைப் பற்றி ஒண்டும் எழுதிப்போடாதையும்."

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அம்மாளிட்டைச் சொல்லுங்கோ" என்று படலையைச் சாத்தினேன். அன்றிலிருந்து தபால்காரன் என் வீட்டுப் பக்கம் வந்தாலே அவர் ஒழுங்கைக்கு ஓடி வருவாராம். மகள் அங்கே இறங்கும்வரை அவருக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை.

பிள்ளையை நினைத்துத் தவித்துக்கொண்டு இதைப் படிக்கும் தாய்மாரே, எந்த நாட்டு வாசலில் உங்கள் பிள்ளை மறிக்கப்பட்டிருந்தாலும், அம்மாளிடம் போங்கள். நல்லவள் மாதிரி நடிக்காதீர்கள். வயிறு எரிந்தால் எரிகிறது என்றே சொல்லுங்கள். அவள் கேட்பாள்.

போன மாதம் விதுஷா நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டாள், ஆகையால் இதை இனிச் சொல்லலாம். நான் எழுத நினைத்ததே இல்லை. அவள் விமானம் ஏறிய அன்று காலை, அவள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்வித்தேன். பரமலிங்கம் அண்ணை கோவில் வாசலில், உள்ளே வர முகமில்லாமல், கண் மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் அருச்சனைத் தட்டோடு அவரைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். அது யாருடைய பெயருக்கு என்று அவரிடம் சொல்லவில்லை.